கிரணுக்கும் மிக்-21க்கும் நடுவில் விடுபட்ட படி

பெங்களூரில் ஓல்டு மெட்ராஸ் ரோட்டையும் பழைய விமான நிலையச் சாலையையும் இணைக்கும் சுரஞ்சன் தாஸ் சாலை பல ஐ.டி. ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்றால், அங்கே நிற்கும் டிராஃபிக்கைத் தெரியும். அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தின் சோதனை விமானி. இந்தியாவின் முதல் உள்நாட்டு ஜெட் போர் விமானமான ஹெச்.எஃப்-24 மாருத், 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தபோது ஓட்டியவர் அவர்தான். 1970 ஜனவரியில், அதே மாருத்தின் மேம்படுத்தப்பட்ட மாதிரி ஒன்றைச் சோதித்தபோது விபத்தில் இறந்தார். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, 1964 செப்டம்பர் 4 அன்று, அவர் இன்னொரு விமானத்தையும் முதன்முதலாகப் பறக்கவைத்தார். பார்க்க ரொம்பச் சாதுவானது. குட்டை மூக்கு, நேர் இறக்கை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை. பெயர் ஹெச்.ஜே.டி-16. கிரண் என்றால் எல்லோருக்கும் புரியும்.

மாருத் 1990 வாக்கில் ஓய்வு பெற்றுவிட்டது. கிரண் அரை நூற்றாண்டைத் தாண்டியும் பறந்தது. இந்திய விமானப்படையில் இன்று மூத்தவர்களாக இருக்கும் போர் விமானிகளில் ஜெட் என்றால் என்ன என்பதைக் கிரணில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்களே மிக அதிகம். ஆனால் கிரணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கிரணோடு நிற்க முடிவதில்லை. அதற்கு மேலே இருந்திருக்க வேண்டிய ஒரு படி, கால் நூற்றாண்டுக்கு மேல் காலியாகக் கிடந்தது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

கிரண் எப்படி வந்தது

1950களில் நம் விமானப்படையின் ஜெட் பயிற்சி, பிரிட்டனின் வாம்பயர் விமானத்தின் இரட்டை இருக்கை வடிவத்தில் நடந்தது. ஹெச்.ஏ.எல். அதை உரிமம் வாங்கித் தயாரித்தது. வாம்பயர் அடிப்படையில் இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்து வடிவமைப்பு. அதற்கு மாற்று தேவை என்று முடிவானபோது, வேலை டாக்டர் வி.எம். காட்கே தலைமையிலான குழுவிடம் வந்தது.

காட்கே சாதாரண ஆள் இல்லை. ஜெர்மனியின் கோட்டிங்கனில், நவீன காற்றியக்கவியலின் தந்தை என்று சொல்லப்படும் லுட்விக் பிராண்டலிடம் ஆய்வு செய்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கிய காலத்தில் அங்கே பாடம் எடுத்தவர். 1951இல் பறந்த ஹெச்.டி-2 என்ற புரொப்பெல்லர் பயிற்சி விமானம் அவருடைய வடிவமைப்பு. ஆக, ஒரு பையன் முதன்முதலில் பறக்கக் கற்கும் விமானம் ஹெச்.டி-2, அடுத்து ஜெட்டுக்கு மாறும் விமானம் கிரண். இரண்டையும் ஒரே மனிதர் தலைமையில் வரைந்திருக்கிறார்கள். ஒரே தொழிற்சாலையில், அதே வருடங்களில், ஜெர்மானியரான குர்ட் டாங்க் மாருத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தார். பேப்பரில் பெயர் வந்ததெல்லாம் மாருத்துக்குத்தான்.

கிரணுக்கு பிரிட்டனின் வைப்பர் 11 ஜெட் இன்ஜின். 2,500 பவுண்டு உந்துவிசை. உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 700 கி.மீ. 1968இல் விமானப்படைக்கு வர ஆரம்பித்தது. பிறகு இறக்கையில் ஆயுதம் மாட்டும் வசதியோடு மார்க் 1ஏ வந்தது. 1976இல், நேட் போர் விமானத்தில் பயன்பட்ட ஆர்ஃபியஸ் இன்ஜினைக் குறைந்த விசையில் ஓடும்படி மாற்றிப் பொருத்திய மார்க் 2 பறந்தது. எல்லாம் சேர்த்து 200க்கும் மேற்பட்ட கிரண்கள் தயாராயின. அதுவும் போதவில்லை. 1970களின் நடுவில் போலந்திலிருந்து இஸ்க்ரா என்ற ஜெட் பயிற்சி விமானங்களையும் வாங்கி, ஹைதராபாத்துக்கு அருகே ஹக்கிம்பேட்டையில் ஓட்டினார்கள்.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. பயிற்றுநர்களுக்கே பயிற்சி கொடுக்கும் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. பறக்கத் தெரிந்த விமானியை, பறக்கச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவராக மாற்றுவது அதன் வேலை. இந்த இரண்டும் ஒன்றில்லை என்பது, ஆபீசில் ஒரு ஜூனியருக்கு வேலை கற்றுக்கொடுத்துப் பார்த்த யாருக்கும் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது தலைக்கு மேலே சின்னதாக ஒரு ஜெட் சீழ்க்கை அடித்துக்கொண்டு வட்டமிட்டதைப் பார்த்திருந்தால், அது கிரணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நல்ல பயிற்சி விமானம் என்றால் என்ன?

போர் விமானத்தை அளக்க வேகம், உயரம், ஏவுகணை என்று எண்கள் இருக்கின்றன. பயிற்சி விமானத்தை எதை வைத்து அளப்பது? என் வாசிப்பில் பிடிபட்ட அளவுகோல் ஒன்றுதான்: மாணவன் தப்பு செய்யும்போது அது எவ்வளவு நேரம் கொடுக்கிறது?

கிரணின் நேர் இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை ரொம்பக் குறைத்து மூக்கைத் தூக்கினால், ஒரு கட்டத்தில் இறக்கைமேல் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும். தூக்குவிசை போய்விடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குச் சற்று முன்னாலேயே விமானம் நடுங்க ஆரம்பிக்கும். அந்த நடுக்கம் ஓர் எச்சரிக்கை. மாணவனின் கை அதைக் கற்றுக்கொள்ளும். அதையும் மீறிப் போனால் ஸ்பின்: ஓர் இறக்கை மற்றதைவிட அதிகமாகத் தூக்குவிசையை இழந்து, விமானம் பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டே கீழே விழும். கிரணில் மாணவர்களை வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் கொண்டுபோய், வெளியே வரக் கற்றுக்கொடுப்பார்கள். போதுமான உயரத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க.

அந்த 'பக்கத்தில்' என்பதும் முக்கியம். போர் விமானங்களில் இரண்டு இருக்கை இருந்தால் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இருக்கும். கிரணில் பக்கவாட்டில். பயிற்றுநருக்கு மாணவனின் கை தெரியும், கண் எங்கே போகிறது என்று தெரியும், முகம் வெளிறுவதும் தெரியும். முதல் முறை ஜெட் ஓட்டுபவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஆனால் இதே குணங்களால்தான் கிரண் ஒரு கட்டத்துக்கு மேல் சொல்லிக்கொடுக்க முடியாது. அது மன்னிக்கும் விமானம். போர் விமானம் மன்னிக்காது.

340 என்ற எண்

இப்போது மிக்-21க்கு வருவோம். 1963இல் இந்தியாவுக்கு வந்தது, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. 1971 போரில் பெயர் வாங்கிய விமானம். ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம். அந்த வேகத்துக்காகவே செய்த மெல்லிய முக்கோண இறக்கை. அதன் விலையைத் தரையிறங்கும்போது கொடுக்க வேண்டும்.

மிக்-21 தரையிறங்கும் வேகம் மணிக்கு சுமார் 340 கி.மீ. கிரண் ஏறக்குறைய அதில் பாதி. ஒரு சின்னக் கணக்கு போடலாம். 340 கி.மீ. என்றால் நொடிக்கு 94 மீட்டர். ஏதோ தப்பாக இருக்கிறது என்று உணர்ந்து, என்ன என்று புரிந்து, கை அசைய மூன்று நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரணில் அதற்குள் சுமார் 140 மீட்டர் போயிருப்பீர்கள். மிக்-21இல் 280 மீட்டர். ஓடுபாதை அதே நீளம்தான். ஆளும் அதே ஆள்தான்.

இது வேகம் மட்டும். முக்கோண இறக்கைக்கு வேறு ஒரு குணம் உண்டு. நேர் இறக்கை மாதிரிப் பளிச்சென்று ஸ்டால் ஆகாது. மூக்கைத் தூக்கத் தூக்க இழுவிசை ஏறிக்கொண்டே போகும், விமானம் சத்தமில்லாமல் இறங்க ஆரம்பிக்கும். அதாவது, வேகம் குறையக் குறைய அதே உயரத்தில் நிற்பதற்கு இன்ஜின் விசை கூடுதலாகத் தேவைப்படும். பைக்கோ காரோ ஓட்டிய அனுபவத்துக்கு இது நேர் எதிர். பழைய ஜெட் இன்ஜினோ, த்ராட்டிலைத் தள்ளியதும் உடனே விசை கொடுக்காது, சில நொடி எடுத்துக்கொள்ளும். அந்தச் சில நொடியில் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். இவற்றையெல்லாம் வகுப்பறையில் படிக்கலாம். கைக்குப் பழகுவது வேறு விஷயம்.

மிக்-21க்கும் இரட்டை இருக்கை வடிவம் உண்டு. ஆனால் பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஓடுபாதை சரியாகத் தெரியாத இடம் அது. மாணவனின் முகம் சுத்தமாகத் தெரியாது.

ஆகவே, பிரிட்டன், பிரான்ஸ் போன்ற நாடுகள் நடுவில் ஒரு படி வைத்தன. ஆங்கிலச் சுருக்கத்தில் ஏ.ஜே.டி., அதாவது உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம். போர் விமானம் மாதிரியே முன்பின் இருக்கை, ஏறக்குறைய அதே மாதிரியான கருவிகள், மணிக்கு 1,000 கி.மீ. வரை வேகம், ஆனால் தரையிறக்கம் நிதானமானது. பிரிட்டனின் ஹாக், பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து செய்த ஆல்ஃபா ஜெட் இரண்டுமே 1970களில் வந்தவை.

நம்மிடம் என்ன இருந்தது? ஆரம்பத்தில் ஒரு தற்காலிக ஏற்பாடு இருந்தது, அது ஓரளவு வேலையும் செய்தது. கிரண் முடித்த இளம் விமானிகளில் பலர் மேற்கு வங்கத்தின் கலைகுண்டாவில் ஹண்டர் விமானங்களை ஓட்டிப் பழகினார்கள். ஹண்டர் பழைய போர் விமானம், ஒலிவேகத்துக்குக் கீழே பறப்பது, நல்ல குணமுள்ளது. அது வயதாகி ஒதுங்க ஒதுங்க அந்த நடுப்படி தேய்ந்தது. 1980களின் பிற்பகுதியில் போர் விமானப் பயிற்சிக்கென அசாமின் தேஸ்பூரில் ஒரு பிரிவு இயங்கியது. அங்கே பயிற்சி விமானம் எது தெரியுமா? மிக்-21 தான். அதன் பழைய எஃப்.எல். ரகம்.

எங்கள் தொழிலில் சொல்வதென்றால், டெவலப்மென்ட் மெஷினில் ஓடிய கோடை, ஸ்டேஜிங்கே இல்லாமல் நேராக புரொடக்‌ஷனில் போடுவது மாதிரி. பத்தில் ஒன்பது தடவை ஓடிவிடும். அதுதான் ஆபத்தே. ஓடிவிடுவதால் ஸ்டேஜிங் சர்வர் வாங்கும் ஃபைல் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

26 வருடம்

ஃபைல் எப்படி நகர்ந்தது என்று தேதி வாரியாகப் பார்ப்போம்.

1982: விமான விபத்துகளை ஆராய ஏர் மார்ஷல் டெனிஸ் லா ஃபான்டெய்ன் தலைமையில் அமைந்த குழு, உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. லா ஃபான்டெய்ன் பின்னால் விமானப்படைத் தளபதியாகவே ஆனார். அப்படியும் விமானம் வரவில்லை.

1997: போர் விமான விபத்துகளை ஆராய இன்னொரு குழு. இதன் தலைவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அப்போது அவர் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர். கலாமுக்கும் விமானப்படைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. இளவயதில் விமானியாக வேண்டும் என்று டேராடூனில் தேர்வுக்குப் போய், எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து திரும்பியவர். அவருடைய குழுவும் ஏ.ஜே.டி. வேண்டும் என்றே சொன்னது.

2003 செப்டம்பர்: மத்திய அமைச்சரவை ஹாக் வாங்க ஒப்புதல் கொடுத்தது. இதற்குள் ஆல்ஃபா ஜெட் தயாரிப்பே நின்றுபோயிருந்தது.

2004 மார்ச்: 66 ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம். 24 பிரிட்டனிலிருந்து, 42 பெங்களூர் ஹெச்.ஏ.எல்.இல். விமானம் வரும்வரை காத்திருக்காமல், இந்திய மாணவர்களைத் தொகுதி தொகுதியாக வேல்ஸில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படையின் வேலி தளத்துக்கு அனுப்பினார்கள்.

2007 நவம்பரில் முதல் ஹாக் விமானங்கள் கர்நாடகாவின் பீதரில் இறங்கின. 2008 பிப்ரவரி 23 அன்று முறைப்படி படையில் சேர்ந்தன.

1982லிருந்து 2008. இருபத்தாறு வருடம். லா ஃபான்டெய்ன் குழு அமர்ந்த வருடம் பிறந்த குழந்தை, வளர்ந்து, அகாடமியில் சேர்ந்து, கிரண் ஓட்டி, மிக்-21 விமானியாகவே ஆகியிருக்கலாம். பலர் ஆனார்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்? விலைப் பேச்சு, ஆட்சி மாற்றங்கள், போஃபர்ஸுக்குப் பிறகு ஆயுதக் கொள்முதல் ஃபைலில் கையெழுத்துப் போடவே பயம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எனக்குப் படுவது இன்னும் எளிமையான ஒன்று. பணம் குறைவாக இருக்கும்போது, பட்டியலில் போர் விமானமும் பயிற்சி விமானமும் இருந்தால், எது முதலில் நிற்கும்? எதிரி நாடு புதுப் போர் விமானம் வாங்கினால் நாடாளுமன்றத்தில் கேள்வி வரும். பயிற்சி விமானம் வாங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு வீடு

2001 செப்டம்பர் 17, ராஜஸ்தானின் சூரத்கர் தளம். ஃபிளைட் லெஃப்டினன்ட் அபிஜித் காட்கில் மிக்-21இல் இரவுப் பறப்புக்குக் கிளம்பினார். ஓடுபாதையை விட்டு எழுந்த கொஞ்ச நேரத்திலேயே விமானம் விழுந்தது. வயது 27.

விசாரணை விமானியின் தவறு என்ற பக்கம் சாய்ந்தது. பெற்றோர் ஏற்கவில்லை. அப்பா ஓய்வுபெற்ற விங் கமாண்டர், அவரே விமானப்படைக்காரர். அம்மா கவிதா காட்கில் வருடக்கணக்கில் கடிதம் எழுதினார், பத்திரிகைகளில் பேசினார். மகனின் பெயரைக் காப்பாற்றுவதோடு நிறுத்தவில்லை. மிக்-21களின் நிலைமை என்ன, இளம் விமானிகளுக்கு என்ன பயிற்சி கிடைக்கிறது என்ற கேள்விகளையும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். ஹாக் ஒப்பந்தத்துக்கு முந்தைய அந்த இரண்டு மூன்று வருடங்களில், ஏ.ஜே.டி. என்ற மூன்றெழுத்து சாதாரணச் செய்தித்தாள் வாசகருக்கும் தெரிய வந்ததில் அவர் குரலுக்குப் பங்கு உண்டு.

'விமானியின் தவறு' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடைசி நொடியில் கை செய்தது தவறாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கைக்கு அந்தச் சூழ்நிலையைப் பாதுகாப்பான இடத்தில் பழக்கிக் கொடுத்தார்களா என்பது அடுத்த கேள்வி. விசாரணை அறிக்கையில் முதல் கேள்விக்குக் கட்டம் இருக்கும். இரண்டாவது கேள்விக்குக் கட்டம் இருக்காது. இருபது வருடத் தாமதத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எல்லாவற்றுக்கும் காரணம் இதுவா?

இல்லை. இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

2012இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. ஆண்டனி நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 அதுவரை விபத்துகளில் போயின. இறந்தவர்கள்: விமானிகள் 171, பொதுமக்கள் 39, பிற படையினர் 8. நாற்பது வருடக் கணக்கு. மனிதத் தவறு, தொழில்நுட்பக் கோளாறு என இரண்டையுமே காரணமாகச் சொன்னார்கள்.

இந்த 171 பேரையும் 'ஏ.ஜே.டி. இல்லாததால்' என்ற ஒரே தலைப்பில் போட்டால் அது தப்பு. மிக்-21க்கு ஒரே இன்ஜின். தாழ்வாகப் பறக்கும்போது பறவை மோதினாலோ இன்ஜின் நின்றாலோ எப்பேர்ப்பட்ட அனுபவசாலிக்கும் செய்ய அதிகம் இருக்காது. 1991இல் சோவியத் யூனியன் உடைந்தபின் உதிரிபாகங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. இறந்தவர்களில் மூத்த விமானிகளும் இருக்கிறார்கள். மறுபக்கம், ஹாக் வந்த இரண்டே மாதத்தில், 2008 ஏப்ரலில், பீதரில் ஒரு ஹாக்கும் விபத்துக்குள்ளானது. எந்த விமானமும் மந்திரக்கோல் இல்லை.

ஆனால் இதைச் சொல்லலாம்: விபத்து என்பது பல ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் வரும்போது நடப்பது. இன்ஜினில் ஓர் ஓட்டை, பராமரிப்பில் ஓர் ஓட்டை, வானிலையில் ஒன்று, பயிற்சியில் ஒன்று. மற்றவற்றை மூட உலகத்தையே கேட்க வேண்டும். பயிற்சி ஓட்டையை மூட நம்மிடம் இரண்டு குழுக்களின் எழுத்துபூர்வமான பரிந்துரை இருந்தது.

சுமை கிரண் தலையில்

இந்தக் கதையில் கிரணுக்கு நடந்ததும் கவனிக்க வேண்டியது. எந்தப் படி உடைந்தாலும் சுமை கிரண்மேல்தான் விழுந்தது.

கிரணுக்குக் கீழே இருந்த முதல் படி ஹெச்.பி.டி-32 தீபக் என்ற புரொப்பெல்லர் விமானம். நடுவானில் இன்ஜின் நிற்கும் வியாதி அதற்கு. 2009 ஜூலையில் இரண்டு பயிற்றுநர்கள் இறந்தபின் எல்லா தீபக் விமானங்களும் நிறுத்தப்பட்டன. உடனே மாற்று இல்லை. அதனால் இதுவரை விமானத்தையே தொட்டிராத மாணவன் முதல் பாடத்தையே கிரண் ஜெட்டில் கற்க வேண்டி வந்தது. இரண்டு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். பறக்கும் மணிநேரமும் குறைந்தது. 2013இல் சுவிட்சர்லாந்தின் பிலாடஸ் பிசி-7 துண்டிகல் அகாடமிக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

கிரணுக்கே வயதாகிறது, மாற்று வேண்டும் என்று ஹெச்.ஏ.எல். 1990களின் இறுதியில் ஆரம்பித்தது ஹெச்.ஜே.டி-36 சிதாரா. 2003 மார்ச் 7 அன்று முதல் பறப்பு. வேகமாகச் செய்துவிட்டார்களே என்று பாராட்டும் வந்தது. பிறகு சிக்கல் ஆரம்பித்தது. இன்ஜினை மாற்றினார்கள். 2011 ஏப்ரலில் ஒரு மாதிரி விமானம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்தது. விமானிகள் குதித்துப் பிழைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்பின். பயிற்சி விமானம் ஸ்பின்னுக்குள் போய் ஒழுங்காக வெளியே வர வேண்டும், இல்லையென்றால் அது பயிற்சி விமானமே இல்லை. சிதாராவால் அது முடியவில்லை. வால் பகுதியை மாற்றி வடிவமைத்துத் திரும்பச் சோதிக்க 2020 தாண்டிவிட்டது. 2025 ஏரோ இந்தியா கண்காட்சியில் அதற்கு யஷஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள். முதல் பறப்புக்கு 22 வருடம் கழித்து.

1964இல், கம்ப்யூட்டர் உதவியில்லாமல் ஸ்லைடு ரூலில் கணக்குப் போட்ட காலத்தில், காட்கே குழு செய்த விமானம் மாணவர்களை ஸ்பின்னுக்குள் கூட்டிப்போய் ஒழுங்காக வெளியே கொண்டுவந்தது. இதை வைத்து இன்றைய பொறியாளர்களைக் குறை சொல்லக் கூடாது. அதிக உந்துவிசை, பின்சாய்ந்த இறக்கை, முன்பின் இருக்கை என்று சிதாராவிடம் கேட்டது அதிகம். ஆனால் 'வெறும் பயிற்சி விமானம்தானே' என்று யாராவது சொன்னால் இந்த 22 வருடத்தைக் காட்டலாம்.

இதற்கிடையில் கிரணுக்கு ஒரு புகழும் கிடைத்தது. 1996இல் பீதரில் உருவான சூர்யகிரண் சாகசக் குழு கிரண் மார்க் 2 விமானங்களைத்தான் ஓட்டியது. அந்த வருடம் செப்டம்பரில் கோயம்புத்தூரில் காட்சி நடத்தினார்கள். பின்னால் ஒன்பது விமானங்கள் வைர வடிவில் உரசாமல் உரசிப் பறந்தது நாடு முழுக்கப் பார்த்த காட்சி. அதற்கும் விலை உண்டு. 2006இல் இருவர், 2009இல் ஒருவர் பீதரில் பயிற்சியின்போது இறந்தார்கள். 2011இல் குழுவைக் கலைத்து, அந்தக் கிரண்களை மாணவர்களுக்குப் பாடம் எடுக்க அனுப்பிவிட்டார்கள். தீபக் நின்றுபோன பிறகு இருந்த பஞ்சம் அப்படி. சூர்யகிரண் திரும்பி வந்தது ஹாக் விமானங்களோடு.

படிகள் சரியாக இருந்தால்

2016 ஜூன் 18 அன்று துண்டிகலில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் விமானப்படையின் முதல் பெண் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றார்கள். இந்தியாவின் முதல் பெண்கள் என்ற கோணத்தில் நிறைய எழுதிவிட்டார்கள். நான் பார்ப்பது அவர்கள் ஏறிய ஏணியை. முதலில் பிலாடஸ், அடுத்து கிரண், அடுத்து பீதரில் ஹாக். அதன்பிறகுதான் மிக்-21. 2018 பிப்ரவரியில் ஜாம்நகரில் அவனி மிக்-21 பைசனைத் தனியாக ஓட்டி, அதே வேகமான, அதே மன்னிக்காத இறக்கையோடு தரையிறக்கினார். விமானம் மாறவில்லை. கீழே இருந்த படி மாறியிருந்தது.

2023 ஜூன் 1 அன்று கர்நாடகாவின் சாமராஜநகர் பகுதியில் ஒரு கிரண் வயல்வெளியில் விழுந்தது. இரண்டு விமானிகளும் எஜெக்‌ஷன் சீட்டில் வெளியேறிப் பாராசூட்டில் பத்திரமாக இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் பெண். வடிவமைத்தவர்கள் காலமாகி, தயாரிப்பு நின்று முப்பது வருடத்துக்கு மேலாகியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த விமானம் அது. ஒரு நல்ல வடிவமைப்புக்கு நாம் கொடுத்த மரியாதை என்று அதைச் சொல்லலாம். மாற்றை நேரத்துக்கு வாங்காததன் அடையாளம் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

அடுத்த முறை செய்தியில் 'இத்தனை போர் விமானங்கள், இத்தனை ஆயிரம் கோடி' என்று வந்தால் நான் தேடுவது ஒரே ஒரு தகவலைத்தான். அதை ஓட்டப் போகிற 22 வயதுப் பையனும் பெண்ணும் இப்போது எந்த விமானத்தில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்? அதற்கு வயது என்ன? பெரும்பாலும் அது அந்தச் செய்தியில் இருக்காது. தனியாகத் தேட வேண்டியிருக்கும். நீங்களும் தேடிப் பாருங்கள்.